கசக்குவதற்கு முன்

அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அது எப்படியாவது சுமதியின் புருஷன் கண்ணில் பட்டுவிடுமோ என்று பயம். சுமதி என்பதும் அவளுடைய உண்மையான பெயர் இல்லை. அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஷூ யூனிட் மூடியபோது ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். நான் போன் நம்பர் கேட்கவில்லை. யாரிடமும் எதையும் கேட்கக் கூச்சப்படுகிறவள் நான்.

ஆம்பூரில் பெரிய கம்பெனிகளில் ஏற்றுமதி ஷூவுக்குள் வைப்பதற்கு மெல்லிய வெள்ளைக் காகிதம் கட்டுக்கட்டாக வரும். எங்களுடையது சின்ன யூனிட். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற கறுப்பு ஷூ தைத்து உள்ளூர்க் கடைகளுக்கு அனுப்புவோம். ஷூவின் மூக்கு அமுங்கிப்போகாமல் இருக்க உள்ளே காகிதம் கசக்கித் திணிக்க வேண்டும். செய்தித்தாள் வைத்தால் மை உள்துணியில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எங்கள் முதலாளி பாய், பழைய பேப்பர் கடையிலிருந்து புத்தகங்களை மூட்டையாக வாங்கிப் போடுவார். அட்டை பிய்ந்து, தையல் விட்டு, கலைந்துபோய் வரும் புத்தகங்கள். அந்தத் தாள்களைக் கசக்கித் திணிப்பதுதான் அக்காவின் வேலை. அவர் திணித்த ஷூவை ஜோடி சேர்த்துப் பெட்டியில் போடுவது என் வேலை. ஒரே மேஜை, பக்கத்துப் பக்கத்து ஸ்டூல்.

அக்கா ஒரு தாளைக்கூடப் படிக்காமல் கசக்கியதில்லை.

மூட்டையிலிருந்து தாளை எடுப்பார். கசக்கப்போகிற தாளை முதலில் தொடைமேல் வைத்து நீவிவிடுவார். கயிறு கட்டின கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருக்கும். உதடு அசையாது, கண் மட்டும் ஓடும். இந்தப் பக்கம் முடிந்ததும் திருப்பி அந்தப் பக்கம். அதற்குப் பிறகுதான் கை மடங்கும். கதை, பத்தாம் வகுப்பு நோட்ஸ், ஜாதகப் புத்தகம், ஆடு வளர்ப்பு, எதுவானாலும் சரி. ஷூக்கள் எனக்கு வந்து சேரத் தாமதமாகும். நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். பாய் வருகிற சத்தம் கேட்டால் நானும் ரெண்டு தாளை எடுத்துக் கசக்குவேன். அப்போது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்.

"இரு, இரு. நான் பாக்கல அத."

"பாய் வர்றாருக்கா."

"வரட்டும். எவனோ உக்காந்து யோசிச்சி எழுதியிருக்கான். ஷூவுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு ஆளாவது பாக்கணும் இல்ல?"

மூட்டையில் உருதுத் தாள்கள் வந்தால் தனியே எடுத்து ஒரு துணிப்பையில் போட வேண்டும் என்பது பாயின் கட்டளை. அதில் அல்லாவின் பெயர் இருக்கலாம், காலில் படக்கூடாது என்பார். பை நிறைந்ததும் மசூதிக்கு எடுத்துப்போவார். ஒருநாள் அக்கா அவரை நேராகவே கேட்டார்.

"தமிழும் எழுத்துதான் பாய். அதுக்கு ஒரு பை கெடையாதா?"

பாய் கோபப்படவில்லை. "அப்ப ஷூவுக்குள்ள இன்னா வெக்கறது? உன் முந்தானையவா?" என்றார். மேஜையே சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஆனால் அன்று முழுக்க அவர் கை மெதுவாகத்தான் ஓடியது.

மதியச் சாப்பாட்டின்போது காலையில் படித்ததை எங்களுக்குச் சொல்வார். தன் வார்த்தையில் சொல்ல மாட்டார். புத்தகத்தில் எப்படி இருந்ததோ அந்த வாக்கியங்களே வரும். எங்கள் பேச்சு பேசுகிற அதே வாயிலிருந்து அச்சுத் தமிழ் வருவது வேடிக்கையாக இருக்கும். ஒருமுறை சமையல் புத்தகம் ஒன்று வந்திருந்தது. நாங்கள் மோர்சோறும் ஊறுகாயும் தின்றுகொண்டிருக்க, மட்டன் பிரியாணியை முதலிலிருந்து ஆரம்பித்தார். "புதினா ஒரு கைப்பிடி. வெங்காயம் பொன்னிறமானதும் இறைச்சியைச் சேர்க்கவும்." ஒட்டும் வேலை செய்கிற ரோஸி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"யக்கா, நிறுத்து. எனக்கு மோர்சோறு வாந்தியா வருது."

"தம் போடறது இன்னும் வரல."

"அது வேற பாக்கி இருக்குதா!"

நானும் பத்தாவது வரை படித்தவள்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் படிப்பதென்றால் பயம், வாத்தியார் எழுந்து படிக்கச் சொல்லிவிடுவாரோ என்று. படிப்பதில் சுகம் இருக்கிறது என்று அக்காவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒருநாள் கேட்டேன், நடுவிலிருந்து படித்தால் என்ன புரியும் என்று.

"நடுவுல நுழைஞ்சா அதான்ம்மா சுகம்," என்றார். "போகும்போதே எல்லாரும் அழுதுகினு இருப்பாங்க. ஏன்னு தெரியாது. சாவு வூட்டுக்குள்ள தப்பா பூந்துட்ட மாதிரி. மெதுவா உக்காந்து பாத்தா ஒண்ணொண்ணா தெரியும், யாரு பொண்டாட்டி, யாரு கடன்காரன்னு. மொதல்லருந்து படிக்கறவங்களுக்கு அது கெடைக்காது."

ஆனால் வராத பக்கத்தில் என்ன இருந்தது என்று மட்டும் ஒருநாளும் சொல்ல மாட்டார். ஒரு பேய்க்கதை பாதியில் நின்றுபோனது. கதவைத் திறக்கப் போகிறான், அடுத்த தாள் மூட்டையில் இல்லை. ரோஸி கெஞ்சினாள். "நீயே எதனா சொல்லேன்க்கா. யாரு பாக்கப் போறா?"

அக்காவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "நான் பாக்காதத எப்படிடீ சொல்றது? கோர்ட்டுல நின்னு பொய் சாட்சி சொல்ற மாதிரி. மனுஷன் பேச்சு காலைல ஒண்ணு சாயந்தரம் ஒண்ணு. அச்சுல இருக்கறது அப்படியே இருக்கும். அத போய் நான் மாத்தறதா?"

அவர் புருஷனைப் பற்றி நான் கேட்டதில்லை. ரோஸி ஒருமுறை கேட்டபோது, "அந்தத் தாள் கிழிஞ்சிப் போச்சு, வுடு" என்றார். ரயில்வே லைனை ஒட்டின சந்தில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். அந்த அறையில் புத்தகம் ஏதும் இல்லை என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். வேலை செய்கிற இடத்திலேயே வயிறு நிறைந்துவிடும்போல.

சுமதி எங்கள் மேஜைக்கு லேஸ் கோக்க வந்தவள். பேர்ணாம்பட்டுப் பக்கத்துப் பெண். நாலாவது படிக்கிற ஒரு மகள். புருஷன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், குடிப்பான். சில காலைகளில் கன்னம் வீங்கி வருவாள். "கதவு இடிச்சிடுச்சி" என்பாள். முதல் தடவை நம்பினோம். பிறகு ரோஸி, "உன் வூட்டு கதவுக்கு ரொம்ப கை நீளம்" என்றாள். சுமதி தலையைக் குனிந்து லேஸ் கோத்தாள். மதியம் ஒரு வாய் சோற்றை வெகுநேரம் மென்றுகொண்டிருப்பாள்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் வந்த மூட்டைகளில் ஒரு நாவல் இருந்தது. அட்டை இல்லை, தலைப்பும் தெரியாது. தாள்கள் வேறு புத்தகங்களோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தன. புருஷன் அடிக்கிற ஒரு பெண்ணின் கதை. அவள் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பையை ஒளித்து வைத்திருக்கிறாள். ரெண்டு சேலை, குழந்தையின் கவுன், பிறந்த வீட்டு விலாசம். தினமும் பையைத் தொட்டுப் பார்க்கிறாள், எடுக்கவில்லை.

சுமதி மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். மறுநாளிலிருந்து காலையில் ஸ்டூலில் உட்காரும்முன் கேள்வி வந்துவிடும்.

"யக்கா, இன்னிக்கி பைய எடுத்தாளா?"

"எடுக்கல. இன்னிக்கி தாள்ல அவ மாமியாருக்குக் காய்ச்சல். கஞ்சி வெச்சிகினு கீறா."

"அந்த கெழவிக்கா? வுட்டுட்டு போவாம."

"உன் மாமியாருக்கு நீ வெக்க மாட்ட?" என்றாள் ரோஸி.

"வெச்சிதான் கெட்டேன்," என்றாள் சுமதி. அவள் அவ்வளவு பேசியதே எங்களுக்கு ஆச்சரியம்.

சுமதிக்காக மேஜையே மூட்டையைக் கிளற ஆரம்பித்தது. அந்த நாவலின் எழுத்தளவில் ஒரு தாள் தெரிந்தால் எடுத்து அக்காவிடம் நீட்டுவோம். நான்கூடத் தேடினேன். அக்காவின் முகம் அந்த நாட்களில் கல்யாண வீட்டுக்காரர்போல இருந்தது. ஒரு புத்தகம் நம் இத்தனை பேரையும் ஒரே பக்கம் பார்க்க வைக்கிறதே என்றார் என்னிடம். அந்தப் பெண் பையை எடுப்பாளா, எடுத்துப்போனால் பிழைப்பாளா என்பதுதான் எங்கள் எல்லோர் கேள்வியும். சுமதி அதை யாருக்காகக் கேட்டாள் என்று எங்களுக்குத் தெரியும். சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கடைசித் தாள் ஒரு காலையில் அக்காவின் கையிலேயே கிடைத்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீவினார், படித்தார், திருப்பினார், மறுபடி முன்பக்கம் வந்தார். பிறகு அதைச் சின்ன உருண்டையாகக் கசக்கி ஒரு ஷூவின் மூக்கில் திணித்து என் பக்கம் தள்ளினார்.

"முடிஞ்சிதாக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ம்." என் காதருகே குனிந்தார். "கெணத்துல வுழுந்துட்டா. அவகிட்ட சொல்லாத."

சாப்பாட்டு மணி அடித்ததும் சுமதி டப்பாவைத் திறக்காமலே கேட்டாள். "பை?"

"எடுத்துட்டா," என்றார் அக்கா. "புள்ளைய கூட்டிகினு பஸ் ஏறிட்டா."

"அப்புறம்?"

"வேற ஊர்ல ஒரு கம்பெனில சேந்தா. ரூம் எடுத்தா. நல்லா இருந்தா."

"புருஷன் தேடிகினு வரலியா?"

அக்கா தண்ணீர் குடித்தார். "வந்தான். கம்பெனி கேட்டாண்ட நின்னு கத்தனான். வாட்ச்மேன் உள்ள வுடல. போய்ட்டான்."

அச்சுத் தமிழ் ஒரு வாக்கியம்கூட இல்லை. எல்லாம் எங்கள் பேச்சு. மேஜையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. சுமதி டப்பாவைத் திறந்து வழித்துச் சாப்பிட்டாள். அக்கா அன்று சாப்பிடவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் சுமதி வேலைக்கு வருவது நின்றது. மகளையும் கூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டாள் என்றார்கள். அடுத்த திங்கட்கிழமை அவள் புருஷன் ஆட்டோவை எங்கள் வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டுக் கத்தினான்.

"எவடீ அது கதை சொல்றவ? என் பொண்டாட்டிக்கு வூட்ட வுட்டு ஓடற கதை சொன்னவ? வெளிய வாடி!"

சுமதி போவதற்கு முன்பே மகள் மூலமாக அவன் காதுக்குப் போயிருக்க வேண்டும். சுமதி தினமும் வீட்டில் மகளுக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். பாய் வெளியே போய் அவன் தோளில் கைபோட்டு, பேசி, ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். உள்ளே வந்து, "வேலை செய்யுங்க. கதை கிதை வேணாம். பேஜார் ஆயிடும்," என்றார். அவன் போகும்போது சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "எங்க போனாலும் புடிப்பேன். புடிச்சா உயிரோட வுட மாட்டேன்."

அக்காவின் கை ஒரு தாளின்மேல் நின்றுபோயிருந்தது.

அன்றிலிருந்து அவர் மாறிவிட்டார். காலையில் வேலைக்கு வரும்முன் டீக்கடையில் நின்று செய்தித்தாள் முழுவதும் பார்ப்பார். அடையாளம் தெரியாத பெண் உடல் என்று எங்காவது வந்திருக்கிறதா என்று. கிணறு, ஏரி, தண்டவாளம். நானும் பக்கத்தில் நிற்பேன். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கும். ஒன்றும் இல்லை என்றால் மூச்சு விடுவார். அது ஒருநாளைக்குத்தான்.

"அந்தப் பொண்ணு செத்துதாம்மா போனா," என்பார். "எழுதனவனுக்குத் தெரியும், அவ பொழைக்க மாட்டான்னு. தெரிஞ்சிதான் எழுதனான். நான் யாரு அத மாத்தறதுக்கு? செத்தவள நான் பஸ் ஏத்தி அனுப்பிச்சிட்டேன். அத நம்பி இவளும் ஏறிட்டா."

"கதைக்கா அது."

"உனக்கு கதை," என்றார்.

பிறகு படிப்பதையே விட்டுவிட்டார். மூட்டையிலிருந்து தாள் வரும், கை கசக்கும், ஷூவுக்குள் போகும். கண் எதிர்ச் சுவரில் இருக்கும். ஷூக்கள் என் முன்னால் குவிந்தன, என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. பாய் மகிழ்ந்துபோனார். "இப்பதான் நீ வேலைக்காரி. இத்தனை வருஷம் எங்க வெச்சிருந்த இந்தக் கைய?" என்றார். சாப்பாட்டு நேரத்தில் டப்பாக்களின் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா படிக்காமல் கசக்குகிற சத்தம் எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் துணிந்து ஒரு தாளை நீவி அவர் முன்னால் வைத்தேன். ஏதோ பயணக் கதை. அவர் அதைப் பார்க்காமலே எடுத்துக் கசக்கினார்.

பொங்கலுக்கு அப்புறம் எனக்கு ஒரு போன் வந்தது. சுமதி. வாலாஜாபேட்டையில் இருக்கிறாளாம். ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை, மகள் அங்கேயே பள்ளிக்கூடம் போகிறாள். "யார்கிட்டயும் சொல்லிடாத. அக்காகிட்ட மட்டும் சொல்லு," என்றாள்.

சொன்னேன். அக்கா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "ஞாயித்துக்கெழம போலாம். அவகிட்ட உண்மைய சொல்லணும்."

"இப்ப எதுக்குக்கா? நல்லாத்தான இருக்கா."

"பொய் மேல நின்னுகினு கீறாம்மா. அது பொய்யினு தெரியாமயே. வாட்ச்மேன் தொரத்திடுவான்னு நான் சொன்னத நம்பி அசால்ட்டா இருந்துடுவா. தெரிஞ்சா ஜாக்கிரதையா இருப்பா இல்ல?"

வேலூரில் பஸ் மாறிப் போனோம். அக்கா வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை, உதடு அசைந்துகொண்டிருந்தது. கடைசித் தாளை நினைவுபடுத்திக்கொள்கிறார் என்று புரிந்தது.

மாடியில் ஒற்றை அறை. சுமதி கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். மகள் மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. அடுப்பில் குழம்பு கொதித்தது. அக்கா வாங்கிவந்த பிஸ்கட்டைக் குழந்தையிடம் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, சுவரோரம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சுமதி, அந்தக் கதையோட கடைசி தாளுல இருந்தது நான் சொன்னது இல்ல. அது நானா கட்டி சொன்னது. இப்ப சொல்றேன், கேளு."

சொன்னார். வெகுநாள் கழித்து அந்த அச்சுத் தமிழை அவர் வாயில் கேட்டேன். 'பேருந்து நிலையம் வரை சென்ற அவள், பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கே திரும்பினாள். விடிந்தபோது கிணற்றடியில் ஊரே கூடி நின்றது. பையில் இருந்த குழந்தையின் கவுன் மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது.' சுமதி கரண்டியைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"செத்துட்டாளா? அடப்பாவமே," என்றாள். பிறகு அடுப்பைத் தணித்தாள். "உப்பு பாருக்கா, சரியா கீதா?"

அக்கா உள்ளங்கையில் விழுந்த குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னத கேட்டுத்தான நீ கெளம்பன?"

"எத?"

"அவ பஸ் ஏறனத."

சுமதி கொஞ்சம் யோசித்தாள். "இல்லக்கா. அன்னிக்கி பாப்பா மேல கைய வெச்சான். பெல்ட்டால. அவ்ளோதான், செருப்பு போட்டனா இல்லயான்னுகூட தெரியாது, வந்துட்டேன். அந்த நேரத்துல கதை எங்க நெனப்பு வரும்?"

"பின்ன தெனம் கேட்டியே. பைய எடுத்தாளா, பைய எடுத்தாளான்னு."

"சோறு எறங்கணும் இல்லக்கா. வாயெல்லாம் வலிக்கும். எதனா கேட்டுகினே இருந்தா தெரியாம எறங்கிடும்." தட்டு எடுத்து வைத்தாள். "அவன் இங்கயும் வந்துட்டான், ரெண்டு வாட்டி. வூட்டுக்காரம்மா தொடப்பத்த எடுத்துகினு வந்துட்டாங்க. போய்ட்டான். மறுபடி வருவான். தெரியும். வந்தா பாத்துக்கலாம்னு கீறேன். நாளைக்கு எனக்கு மொத ஷிப்ட்டுக்கா, நீங்க சாப்ட்டுட்டு வெளிச்சத்துலயே கெளம்புங்க."

அக்கா சாப்பிட்டார். குழம்பு நன்றாக இருக்கிறது என்றார். குழந்தையின் நோட்டை வாங்கிப் பார்த்து, எழுத்து அழகாக இருக்கிறது என்றார். கீழே பஸ் நிறுத்தம் வரை சுமதி வந்தாள்.

வேலூரில் பஸ் மாறினோம். எனக்கு மனசு லேசாக இருந்தது. இத்தனை நாளாக அவர் சுமந்தது இறங்கிவிட்டது, நாளைக்கே தாளை நீவ ஆரம்பித்துவிடுவார் என்று நினைத்தேன். பள்ளிகொண்டா வந்தபோது பக்கத்தில் ஒரு விம்மல் கேட்டது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா?"

"அவ அந்தக் கதைய சரியா கேக்கவே இல்லம்மா," என்றார்.

அவள் உயிரோடு இருக்கிறாளே அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். ஆம்பூரில் கண்டக்டர் வந்து தட்டிச் சொல்லும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.